ஒழுங்காகப் போய் இறங்கிய விமானம்

அக்காவின் மகள் கல்யாணம் முடித்துக் கனடாவுக்குப் போன அடுத்த கிழமை, அக்கா என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டாள்.

"பிளேனுக்குள்ள எப்படி இருக்கும்? எங்கட புள்ள எவடத்துல இருந்திருப்பா, என்னத்தத் திண்டிருப்பா?"

எனக்கென்ன தெரியும். நானும் பிளேன் ஏறினவள் இல்லை. எங்கள் வயதுக்காரர்களுக்கு வானத்தில் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடத்தான் தெரியும். அண்ணாந்து நின்று பார்க்கிற பழக்கமே சண்டை முடிந்த பிறகுதான் வந்தது. ஆனால் தெரியாது என்று சொல்வது எனக்குப் பிடிக்காத காரியம். "பொறுங்க, காட்டுறன்" என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை செங்கலடிச் சந்தைக்குப் போனபோது, பென்ட்ரைவில் படம் ஏற்றித் தரும் கடைக்காரரிடம் கேட்டேன். பிளேனுக்குள் நடக்கிற படம் வேண்டும், தமிழில் பேச வேண்டும், அக்காவுக்கு உள்ளுக்குள் எப்படி இருக்கும் என்று காட்டத்தான் என்றேன். அந்த மனிசன் கணினியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "இருக்கு, ஏழெட்டு இருக்கு. ஆனா எல்லாம் பேய்ப் படமும் குண்டுப் படமும்தான்" என்றார். நல்லபடியாகப் போய்ச் சேருகிற படம் ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"ஒழுங்காப் போய் இறங்கிற பிளேன ஆரு அக்கா படமாக்குவான்? அதுல பாக்க என்ன இருக்கு?"

அதுவும் சரிதான் என்று ஏழெட்டையும் ஏற்றிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு வேறொரு கடைக்குப் போயிருக்கலாம். கோயில் படம் ஏதாவது கேட்டு வாங்கியிருக்கலாம். இப்போது சொல்லி என்ன.

தன்னாமுனைப் பக்கம், வாவிக்கு இறங்கும் ஒழுங்கையில் எங்கள் இரண்டு வீடுகளும் ஒரே வளவுக்குள் நிற்கின்றன. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்குத்தான், ஆண்கள்தான் கட்டிக்கொண்டு உள்ளே வர வேண்டும். அம்மா வளவைப் பாதியாக்கி எங்கள் இரண்டு பேருக்கும் சீதனமாகத் தந்தாள். நடுவில் வேலி போடவில்லை. அக்காவின் புருசன் அந்த வீட்டில் இருந்தது இரண்டு வருசம்தான். சண்டைக் காலத்தில் ஒரு நாள் வயலுக்குப் பசளை வாங்கப் போனவர் திரும்பி வரவில்லை. மகளுக்கு அப்போது ஆறு மாதம். அதற்குப் பிறகு அக்கா வெளிறிய சேலைகளையே உடுத்தினாள். பொட்டு வைக்கவில்லை. என்னைப்போல வாயும் காட்டவில்லை. எங்கள் வீட்டில் கதைக்கிறது முழுக்க என் பங்குதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு தின்ற பிறகு என் வீட்டு ஹோலில் படம் ஓடும். அவர், என் புருசன், வட்டையில் வயல் பார்த்துவிட்டு வந்த களைப்பில் பாயை விரித்துக்கொண்டு பாதிப் படத்தில் குறட்டை விடுவார். நானும் அக்காவும் தேத்தண்ணியோடு திரைச்சீலையை இழுத்துவிட்டு இருப்போம். முதல் படத்தில் ஆசனங்களைக் கண்டதுமே அக்கா எழும்பி டீவிக்குக் கிட்டப் போய்விட்டாள். "இந்தச் சின்னக் கண்ணாடிக்குள்ளாலதான் வெளிய பாக்கிறதா? சாப்பாடு இந்தப் பலகையிலயா வைக்கிற?" பேய் வந்து விமானப் பணிப்பெண்ணின் கழுத்தைத் திருகிக்கொண்டிருந்தது, இவள் சாப்பாட்டுத் தட்டை எண்ணிக்கொண்டிருந்தாள். நான் சிரித்துச் சிரித்து வயிறு நொந்து போனேன்.

அந்தப் படங்கள் எல்லாம் ஒரே வார்ப்புத்தான். கடைசி வரிசையில் டிக்கெட் இல்லாத ஒருத்தி தலைமயிரை முன்னால் விட்டுக்கொண்டு இருப்பாள். கழிப்பறைக்குள் போனவர் வேறொருவரின் குரலோடு வெளியே வருவார். இல்லாவிட்டால் சாமான் வைக்கும் இடத்தில் ஒரு பெட்டி தானாக அசையும். வெள்ளைக்கார விமானி, இந்தியாக்காரர்களின் தமிழில், "மாப்ள, எஞ்சின் போச்சுடா" என்பான். கடைசியில் முந்நூறு பேரில் நாலு பேர் மிஞ்சுவார்கள், போர்வை போர்த்திக்கொண்டு அழுவார்கள்.

போகப்போக எங்களுக்குள் ஒரு விளையாட்டு வந்தது. அதைத் தொடக்கியது நான்தான். படம் தொடங்கி ஆட்கள் விமானத்தில் ஏறுகிற இடத்தில் ரிமோட்டை அமத்தி நிற்பாட்டிவிடுவேன். "ஆரால?" என்று கேட்பேன். இத்தனை பேரில் யாரால் இந்தப் பிளேனுக்குக் கேடு வரப் போகிறது என்று சொல்ல வேண்டும். அந்த மொட்டைத் தலையனால், கறுப்புக் கண்ணாடி போட்டவனால் என்று நான் பார்வைக்கு முரடானவர்களையே காட்டுவேன். ஒவ்வொரு முறையும் பிழையாகிப் போகும். அக்கா ஒரு தரமும் பிழை விட்டதில்லை.

"உங்களுக்கு எப்படிகா தெரியுது?"

"தனிய வாறவங்களத்தான் பாக்கணும்" என்றாள். "வழியனுப்ப ஆருமில்லாம, ஆரோடயும் கதைக்காம ஒராள் வந்து ஏறும். அந்த ஆளாலதான் எல்லாம்."

பெரிய கெட்டிக்காரி என்று நான் கை கொட்டினேன். அவரையும் எழுப்பிச் சொன்னேன். அவர் ஒரு கண்ணைத் திறந்து, "மச்சாள பொலிசுல சேத்து விடு" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

இரண்டு வருசம் கழித்து மகள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். எங்கள் சனங்களுக்குத் தலைப்பிள்ளை என்றால் தாய்தான் பார்க்க வேண்டும். பத்தியக் கறி சமைத்து, தண்ணி வார்த்து, தாயையும் பிள்ளையையும் தேற்றி எடுக்க வேண்டும். அங்கே பனிக்குள் அவளுக்கு யார் இருக்கிறார்கள். புருசன் ஒருவன்தான், அவனுக்கும் இரவு வேலை. முதல் ஒன்று மூன்றாம் மாதத்தில் கலைந்திருந்தது. அதனால் அவள் பயந்து போயிருந்தாள். ஒவ்வொரு நாளும் போன் எடுத்து, "அம்மா, நீங்க வந்தாத்தான் எனக்குத் தைரியம்" என்று அழுவாள். விசா எடுத்து, டிக்கெட் போட்டு, இடையில் மாறும் விமான நிலையத்தில் வழி காட்டிக் கூட்டிப் போக ஆளையும் ஒழுங்கு செய்தாள். அக்கா ஒரு மாதமாகப் பத்தியக் கறிக்கான சரக்குத் தூள் இடித்தாள். காய வைத்து, வறுத்து, அரித்து, ஒரு பெரிய தகர டின்னில் அடைத்து, டேப் சுற்றினாள்.

மகள் கனடாவுக்குப் போன நாளில் அக்கா அவளுக்கு முன்னால் நிற்கவில்லை. வளவின் வாசலில், கடப்படியில், நிறைகுடத்தோடு நின்றது நான். எனக்குத்தான் புருசன் இருந்தார். பயணம் போகிறவர்களுக்கு முன்னால் சுமங்கலி நிற்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பெற்றவள் கிணற்றடிக்குப் போய்விட்டாள். ஊரில் யார் பயணம் போனாலும் அவள் அப்படித்தான். மகள் வான் வண்டியில் ஏறும்போது "அம்மா எங்க, அம்மா எங்க" என்று திரும்பித் திரும்பிப் பார்த்ததும், கப்பிக் கயிறு கிறீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டதும் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. தண்ணீர் தேவைப்படாமலே அவள் அள்ளிக்கொண்டிருந்தாள்.

இப்போது அக்காவே பயணம் போகிறாள். நான் குடத்தோடு நின்றேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு வான் வண்டியில் ஏறினாள். முந்தின நாளே போய் நீர்கொழும்பில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, காலையில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனோம். எங்களை உள்ளே விடமாட்டார்கள். வாசலில் வைத்து அவளுடைய கையைப் பிடித்தேன், குளிர்ந்து கிடந்தது. "பேய் வந்தா என்ன செய்யிற எண்டு தெரியும்தானே?" என்று பகிடி விட்டேன். என் வாய்க்கு அந்த நேரத்திலும் பகிடிதான். அக்கா தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

நாங்கள் வெளியே தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றோம். ஒரு மணித்தியாலம் கடந்திருக்கும். அவர் என் தோளைத் தட்டி, "இஞ்ச பார்" என்றார். அக்கா வந்துகொண்டிருந்தாள். அதே தள்ளுவண்டி, அதே பெட்டி, மேலே அந்தத் தகர டின்.

"என்னக்கா? பாஸ்போட்டுல பிழையா?"

"இல்ல. என்னால ஏலா. ஊட்ட போவம்."

கெஞ்சினேன், கையைப் பிடித்து இழுத்தேன், உள்ளே போகச் சொல்லித் தள்ளினேன். அசையவில்லை. அதற்குப் பிறகு நான் கதைத்த கதையை இங்கே எழுத எனக்கு வெட்கம். பெற்ற பிள்ளை அங்கே வயிற்றைத் தள்ளிக்கொண்டு காத்திருக்கிறாள், நீங்கள் படம் பார்த்துப் பயந்துபோய் நிற்கிறீர்கள், நீங்களும் ஒரு தாயா என்று கேட்டேன். அதைச் சனங்கள் பார்க்கப் பார்க்க, சத்தம் போட்டுக் கேட்டேன். அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அவர்தான், "விடு, மச்சாளுக்குப் பயம் வந்திற்று. அடிச்சா ஏத்துற?" என்று பெட்டியைத் தூக்கி வானில் வைத்தார்.

வழி முழுக்க நான் அவளோடு கதைக்கவில்லை. குருநாகல், தம்புள்ள, ஹபரணை எல்லாம் போயின. கோபம் ஆறவேயில்லை. பறக்கிற விமானங்களைப் போனில் பார்க்கலாம் என்று மகள் எனக்குக் காட்டித் தந்திருந்தாள். அக்கா ஏறியிருக்க வேண்டிய விமானத்தை, அந்தச் சின்ன மஞ்சள் படத்தை, நான் பார்த்துக்கொண்டே வந்தேன். அது கடலைத் தாண்டியது. பாலைவனத்துக்கு மேலே போனது. புணானைக் காட்டுக்குள் போய்க்கொண்டிருக்கும்போது, இடையில் நிற்கிற ஊரில் இறங்கிவிட்டது. வீம்புக்கு அந்தப் போனை அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"பாருங்க. பத்திரமா இறங்கிற்று. ஒண்டுமே நடக்கல்ல. இதுக்குத்தான் பயந்தீங்க."

அக்கா போனைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடினாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டாள்.

"அதான் புள்ள" என்றாள். "நான் ஏறல்ல."

எனக்கு விளங்கவில்லை. அவள் வெளியே காட்டைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"வரிசையில நிண்டு எல்லார்ர முகத்தையும் பாத்தன். எல்லாரும் சோடி சோடியா, குடும்பமா நிண்டாங்க. எனக்கு முன்னால ஒரு புதுப் பொண்ணு, தலையில பூ, மருதாணி கூட அழியல்ல. பின்னால கைக்குழந்தையோட ஒராள். தனிய நிண்டது நான்தான். புருசன முழுங்கின நான், அதுகளுக்கு முன்னால போய் ஏறுறதா? எத்தின பேர் இருந்திருப்பாங்க அதுக்குள்ள?"

"முந்நூறு பேர் மட்டில" என்றேன்.

"முந்நூறு பேரும் புள்ளகுட்டிக்காரங்க" என்றாள் அக்கா.

அவள் பயந்தவள்தான். ஆனால் விமானத்தை நினைத்து அவள் பயப்படவில்லை. தன்னை நினைத்துப் பயந்தாள். என் ஹோலில், என் ரிமோட்டால் நிற்பாட்டி நிற்பாட்டி, "ஆரால, ஆரால" என்று இரண்டு வருசமாக நான்தான் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் நான் எழுதுவதில் பிரயோசனம் இல்லை. அக்கா தாலியைக் கழற்றிய அடுத்த வருசம், அப்பா சைக்கிளில் வட்டைக்குப் புறப்பட்டார். சாப்பாட்டுப் பார்சலை மறந்துவிட்டுப் போகிறார் என்று அக்கா அதைத் தூக்கிக்கொண்டு கடப்படிக்கு ஓடி, அவருக்கு முன்னால் நின்று கொடுத்தாள். அன்றைக்கு அப்பாவை லொறி தட்டிக் கால் முறிந்தது. ஆசுபத்திரி விறாந்தையில் அம்மா அழுதுகொண்டிருந்தாள். யாரும் அக்காவை ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பதினேழு வயது. "நீங்க ஏன் அப்பாக்கு முன்னால போனீங்க?" என்று நான்தான் கேட்டேன். அந்த ஒரு கேள்விதான். அடுத்த நாளிலிருந்து யார் பயணம் போனாலும் அக்கா கிணற்றடிக்குப் போனாள். நான் கேட்டதை நான் மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை.

வான் வளவுக்குள் வந்து நின்றபோது அக்கா என் கையைப் பிடித்தாள். "புள்ளைக்கு இதச் சொல்லாத. பிளேனுக்குப் பயம் எண்டு சொல்லு. புள்ளத்தாய்ச்சி, வேற ஒண்டும் கேக்கப்படாது." நானும் அப்படியே சொன்னேன்.

பிள்ளை பிறந்தது, பெண் பிள்ளை. வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். மூன்றாம் நாளே மகள் எழும்பித் தானே சமைத்தாளாம். அதற்குப் பிறகு தாயோடு அவள் கதைத்ததெல்லாம் கடமைக்குத்தான். "சாப்பிட்டீங்களா, மருந்து குடிச்சீங்களா." பிள்ளையின் முகத்தைப் போனில் காட்டுவாள், தன் முகத்தைக் காட்டமாட்டாள். ஒரு முறை என்னிடம் சொன்னாள், "ஒரு பேய்ப் படத்துக்குப் பயந்து என்னக் கைவிட்டவ, சின்னம்மா." சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அக்கா பக்கத்தில் நின்று, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஊரில் எல்லாருக்கும் எல்லாவற்றையும் சொல்லித் திரிந்த நான், சொல்ல வேண்டிய அந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பிளேன் படம் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் அக்கா தன் வீட்டிலேயே படுத்துக்கொண்டாள்.

அக்காவுக்குச் சீனி வருத்தம் நெடுநாளாக இருந்தது. அது சிறுநீரகத்தில் போய் விழுந்து, ஒன்றரை வருசத்துக்குள் அவள் போய்விட்டாள். மகளுக்கு அந்த நேரம் வதிவிடத் தாள்கள் புதுப்பிக்கக் கொடுத்துக் கையில் இல்லை, வந்தால் திரும்பிப் போக முடியாத நிலை. சவத்தை எடுக்கும்போது அவர் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவள் அங்கிருந்து பார்த்தாள். அழவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்த வருசம் அறுவடை நேரத்தில் அவரும் வட்டை வரம்பில் சரிந்து விழுந்தார். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிந்துவிட்டது. என் வாயைத் தாங்கிக்கொண்ட ஒரே மனிசன் அவர்.

போன வருசம் மகள் திரும்பவும் பிள்ளைத்தாய்ச்சி. "சின்னம்மா, நீங்களாச்சும் வருவீங்களா?" என்று கேட்டாள். அந்த "நீங்களாச்சும்" என்ற சொல்லைக் கேட்டுவிட்டு நான் எப்படி மறுப்பேன். அக்காவின் உரலிலேயே சரக்குத் தூள் இடித்தேன், அதே டின்னைக் கழுவி அதில் அடைத்தேன்.

நான் புறப்பட்ட அன்று கடப்படியில் நிறைகுடத்தோடு நிற்க அடுத்த வீட்டு மருமகள் வந்தாள். நல்ல பிள்ளை. அந்தத் தண்ணியைக் கத்தரிக் கன்றுக்கு ஊற்றிவிட்டு ஊட்ட போ மனே என்று அனுப்பிவிட்டேன். சகுனமாம் மண்ணாங்கட்டியாம் என்று எனக்குள் ஒரு வீறாப்பு. அந்த வீறாப்பு கட்டுநாயக்காவில் வரிசையில் நிற்கும்வரைதான் இருந்தது.

வரிசையில் நின்றேன். என் கண்கள் தாமாகவே ஆட்களைப் பார்க்கத் தொடங்கின. ஒரு தாயும் தகப்பனும் மூன்று பிள்ளைகளும். கல்லூரிப் பெடியன்கள் சிலர். பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு ஒரு பெண். எல்லாரோடும் யாரோ நின்றார்கள். வெளிறிய சேலையில், பொட்டில்லாமல், தகர டின்னோடு தனிய நின்றது நான். "ஆரால?" என்று என் குரலே எனக்குள் கேட்டது. படித்தவள், கந்தோரில் எழுத்து வேலை பார்த்தவள், எதற்கும் எதிர்க்கதை கதைக்கிறவள், எல்லாம் ஒரு நிமிசத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை. திரும்பிப் போய்விட வேண்டும்போலக் கால் இழுத்தது. அக்கா இந்த இடத்தில் தனியாக நின்றிருக்கிறாள். நான் வெளியே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

நான் ஏறினேன். எப்படி ஏறினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினேன், அவ்வளவுதான். விமானம் குலுங்கும்போதெல்லாம் பின்னால் அழுத பிள்ளையிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். முன்னாலிருந்த சின்னத் திரையில் படங்கள் இருந்தன, அடியிலிருந்து நுனிவரை தேடினேன். விமானத்தில் கேடு நடக்கிற படம் ஒன்றுகூட இல்லை. சாப்பாட்டைப் பலகையில் வைத்தார்கள். சின்னக் கண்ணாடிக்குள்ளால் முகில் தெரிந்தது. அக்கா கேட்ட எல்லாம் இருந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. இடையில் மாறி ஏறிய விமானத்திலும் ஒன்றும் நடக்கவில்லை. அது இறங்கியதும் சனங்கள் எழும்பிப் பெட்டிகளை இழுத்தார்கள், போனைத் திறந்தார்கள், கொட்டாவி விட்டார்கள். நான் மட்டும் எழும்பாமல் இருந்து அழுதேன். பணிப்பெண் வந்து பயமா அம்மா என்பதுபோல் ஏதோ கேட்டாள். ஒன்றுமே நடக்கவில்லையே என்று தமிழில் சொன்னேன். அவளுக்கு விளங்கியிருக்காது.

மகள் காரோடு வந்திருந்தாள். பின் ஆசனத்தில் மூத்த பெண் நித்திரை, அக்காவின் நெற்றி அப்படியே. கொஞ்சத் தூரம் ஓடிய பிறகு, "பயந்தீங்களா சின்னம்மா?" என்று மகள் கேட்டாள்.

"ஓம் மனே" என்றேன். "உன்ர அம்மாவும் இப்பிடித்தான் பயந்தவ. ஆனா நான் உனக்குச் சொன்ன பயம் இல்ல அது."

எல்லாவற்றையும் சொன்னேன். புதுப் பெண்ணின் மருதாணி, புணானையில் கை கூப்பியது, என் விளையாட்டு, ஆசுபத்திரி விறாந்தையில் பதினேழு வயதில் நான் கேட்ட கேள்வி. ஒன்றையும் ஒளிக்கவில்லை. அவள் காரைத் தெருவோரம் நிற்பாட்டினாள். இரண்டு கையையும் ஸ்டியரிங் வளையத்தில் வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டட்டும் என்றும் நினைத்தேன்.

"எத்தின பேர் சின்னம்மா அந்தப் பிளேன்ல?" என்று கேட்டாள்.

"முந்நூறு பேர் மட்டில."

"முன்னப் பின்னத் தெரியாத முந்நூறு பேருக்காக ஏறாம நிண்டிருக்கிறா" என்றாள். "எனக்காக ஏறியிருக்கலாமே சின்னம்மா."

அதன் பிறகுதான் அவள் அழுதாள். தாயின் சவத்தை எடுத்த அன்று அழாததையும் சேர்த்து அழுதாள். நான் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். என் மடியில் அந்த டின் இருந்தது.